கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

அந்த அம்மா எடுத்த போட்டோ ஒன்றைக்கூட நான் பார்த்தது கிடையாது. ஆனால் அவர் படம் எடுத்ததை என் அளவுக்குப் பார்த்தவர் போடியில் வேறு யாரும் இருக்க முடியாது. கூடத்து வாசலில் நின்றவள் நான்தான்.

கூடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதலாளி ஏலக்காய் வியாபாரத்தில் மேலே வந்தவர். பிள்ளை குட்டி இல்லை. ஊர் ஊராகப் போய் எண்ணெய்ச் சாயத்தில் எழுதிய ஆளுயரப் படங்களாக வாங்கி வந்து, காய்மூட்டை அடுக்குகிற கிட்டங்கியை ஒட்டிய கூடம் முழுக்க மாட்டி வைத்தார். நடுவில் வைக்கோல் அடைத்த காட்டுமாடு ஒன்று நின்றது. கண்ணுக்குக் கண்ணாடிக் குண்டு. அதற்கு ஒரு கொம்பு நுனி உடைந்து மொட்டையாக இருக்கும். சந்தை நாளில் மட்டும் கூடத்தைத் திறந்து விடுவார், யாரும் வந்து பார்க்கலாம். பட்டணத்தில் செத்த மிருகங்களைப் பாடம் பண்ணி வைத்திருக்கிற மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பேர் என்று போய்வந்த யாரோ சொல்ல, எங்கள் ஊர்க் கூடத்துக்கும் அதே பேர் ஒட்டிக்கொண்டது. உப்பு, புளி, கருவாடு எல்லாம் வாங்கி முடித்த பிறகு, "செத்த காலேஜ ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்" என்று சனங்கள் மூட்டையோடு வருவார்கள்.

நுழைய ஒரு வாசல், வெளியேற ஒரு வாசல். நுழைகிற வாசல் என் பொறுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் நானும் என் அத்தையோடு, அதாவது என் வீட்டுக்காரரைப் பெற்றவரோடு, கிட்டங்கியில் உட்கார்ந்து ஏலக்காய் ஆய்ந்துகொண்டுதான் இருந்தேன். காரியஸ்தர் ஒருநாள், "இந்தப் புள்ள தொண்டை காய்க்குள்ள கெடந்து வீணாப் போகுது" என்று என்னை வாசலில் நிறுத்தினார். மூட்டையையும் கோழியையும் வாசலிலேயே வாங்கி வைக்க வேண்டும். படத்தில் யாரும் மஞ்சள், குங்குமம் வைக்காமல் பார்க்க வேண்டும். சூடம் கொளுத்த விடக் கூடாது. மற்ற பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து காய் ஆய்ந்தார்கள். நான் நிமிர்ந்து நின்று ஊரையே வரிசையில் நிறுத்தினேன். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு, ஏன் மறைக்க வேண்டும்.

படம் எடுக்கிற அந்த அம்மா தேனியிலிருந்து ரயிலில் வருவார். தேனி பஜாரில் ஜவுளிக் கடையும், அதை ஒட்டி போட்டோ பிடிக்கிற கடையும் வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். கடை அண்ணனுடையது. இவர் கல்யாணம் செய்துகொள்ளாத தங்கை. முழுக்கை ரவிக்கை, கரை இல்லாத வெள்ளைச் சேலை, காதில் கழுத்தில் ஒன்றும் கிடையாது. கையில் கறுப்புக் குடை. வந்ததும் கூடத்தின் கோடியில், கடல் படத்துக்குக் கீழே கிடந்த பெஞ்சில் உட்காருவார். படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். அத்தனை படம் இருக்கிற கூடத்தில் அவர் ஒரு படத்தைக்கூட நின்று பார்த்து நான் காணவில்லை. படம் பார்க்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதுவும் நேராகப் பார்க்க மாட்டார். மடியில் முந்தானைக்குள் படம் பிடிக்கிற பெட்டி ஒன்று இருக்கும். அதற்கு முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு கண். மேல்மூடியைத் திறந்தால் உள்ளே சதுரமாக ஒரு கண்ணாடி, எதிரில் இருப்பது அதில் தெரியும். அவர் குனிந்து அந்தக் கண்ணாடியைத்தான் பார்ப்பார். பார்க்கிறவர்களுக்கு, ஒரு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அதனால் சனங்கள் அவருக்கு வயித்துவலிக்காரம்மா என்று பேர் வைத்தார்கள். பொட்டிப்புரத்துக் கிழவி ஒருத்தி ஓமத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, "வெந்நீர்ல போட்டுக் குடிங்க தாயி, கொடல் பெரட்டு நின்னுரும்" என்று கொடுத்தாள். அவர் மறுக்காமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழவி திரும்பிப் பக்கத்தில் மாட்டியிருந்த அம்மன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது பெட்டியில் டிக்கென்று சத்தம் கேட்டது.

கடல் படத்துக்குக் கீழே ஏன் உட்கார்ந்தார் என்றால், கூரையில் கண்ணாடி ஓடு அங்கேதான் பதித்திருந்தது. வெளிச்சம் அங்கேதான் விழும். சனமும் அங்கேதான் நிற்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் கடலைக் கண்டதில்லை. ஒரு சுவர் முழுக்கத் தண்ணீர். தூரத்தில் ஒரு கப்பல், அதன் மேல் எள்ளுப் போல இரண்டு ஆள். சுருளிப்பட்டிக்காரர் ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏத்தா, இம்புட்டுத் தண்ணியும் எந்தக் கம்மாய்க்குப் போகுது?"

"அது கடலுங்க. எங்கிட்டும் போகாது."

"போகாதுன்னா? சும்மாவா கெடக்கு?" அவருக்கு மனசு ஆறவில்லை. போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இந்த மாதிரி முகங்கள்தான் அந்த அம்மாவுக்கு வேண்டும். ஒருநாள் என்னிடம் சொன்னார். "எங்கண்ணன் கடைக்கு வர்றவுகள எப்பிடி நிப்பாட்டுறாகன்னு பாத்திருக்கியா? பின்னால ஒரு கம்பி, அதுல பிடரியச் சாய்ச்சு, அசையாத அசையாதன்னு கத்தி... பிடிச்சு வச்ச பிள்ளையாரா ஆக்கிருவாக. கண்ணச் சிமிட்டிட்டா, நான் உள்ள உக்காந்து படத்துல மூடுன கண்ணுக்கு மேல தெறந்த கண்ண வரையணும். ஊருக்கெல்லாம் கண்ணு வரைஞ்சே என் கண்ணு போச்சு. இங்கன யாரும் யாரையும் நிப்பாட்ட வேண்டாம். செவுத்துல கெடக்குற படம் பிடிச்சு நிப்பாட்டிருது. நெசமாப் பாக்குறவன் அசையவே மாட்டான். சும்மா நடந்து போறவன் புகையாப் போயிருவான், படத்துல விழ மாட்டான்."

"அவுக கிட்டச் சொல்லிட்டு எடுக்கக் கூடாதாம்மா?"

"கேட்டா வராது."

இதுதான் அவருடைய பேச்சு. எதைக் கேட்டாலும் இதில் வந்து முடியும். கேட்டா வராது. ஒரு தடவை பெட்டியை அடையாளம் கண்டுகொண்ட பெண் ஒருத்தி சட்டென்று சேலையைச் சரிசெய்து, முகத்தைத் துடைத்து, மூக்குத்தியைத் திருகி நேராக்கிக்கொண்டு நின்றாள். அவர் பெட்டி மூடியைச் சாத்தி, "போச்சு" என்றார். அந்தப் பெண் என்ன போச்சென்று தெரியாமல் கீழே குனிந்து தேடினாள்.

காரியஸ்தர் ஒருநாள் சரிகைத் துண்டு போட்டுக்கொண்டு வந்து, முதலாளி படத்துக்குப் பக்கத்தில் தன்னை வைத்து ஒன்று எடுக்கச் சொன்னார். அந்த அம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க தேனிக்குப் போங்கய்யா. எங்கண்ணன் எடுப்பாரு. அவருகிட்டக் கம்பி இருக்கு."

அந்த அம்மாவை நான் நல்லவர் என்று சொல்லி முடித்துவிட மாட்டேன். பண்ணைப்புரத்திலிருந்து ஒரு பிள்ளைக்காரி வந்தாள். பிள்ளைக்கு அம்மை போட்டுப் பிழைத்திருந்தது, முகமெல்லாம் தழும்பு. அம்மன் படத்தைக் கண்டதும் சந்தையில் வாங்கின மஞ்சளை எச்சிலில் குழைத்து, படத்துப் பாதத்தில் தடவி, அதே விரலால் பிள்ளை நெற்றியிலும் தடவினாள். நான் தடுக்க ஓடினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பொறு." டிக்கென்ற பிறகுதான் விட்டார். அன்றைக்குக் காரியஸ்தர் என்னைப் பேசாத பேச்சில்லை.

"ஒங்களாலதான் எனக்கு வசவு" என்றேன்.

"வசவு போயிரும். அந்த மூஞ்சி போனா வருமா?"

வசவு வாங்கினது நான், முகம் வாங்கினது அவர். இது என்ன நியாயம் என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. அந்தப் பிள்ளைக்காரிக்காவது அந்தப் படத்தைக் காட்டினாரா என்றால் அதுவும் இல்லை. எடுத்த படத்தை யாருக்கும் காட்டுவதில்லை என்று வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "காட்டுனா அடுத்த சந்தைக்கு அதே மூஞ்சிய மாட்டிக்கிட்டு வருவாக" என்றார்.

"என்னைய எடுத்திருக்கீகளா?"

"நீ எங்க ஆத்தா படம் பாக்குற? நீ கோழியப் பாக்குற."

ஆள் இல்லாத வேளையில் ஒருநாள் பெட்டிக் கண்ணாடியைக் காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். காட்டுமாடு அடக்கமாக, கைக்குள் அடங்குகிற அளவில் நின்றது. ஏதோ ஒன்று கோளாறாக இருந்தது. நிமிர்ந்து மாட்டைப் பார்த்தேன், திரும்பக் குனிந்தேன். எனக்கு இடது கைப்பக்கம் இருக்க வேண்டிய மொட்டைக் கொம்பு கண்ணாடியில் வலது கைப்பக்கம் இருந்தது.

"மாறித் தெரியுதும்மா."

"அது அப்பிடித்தான். எடம் வலம் மாறும். வருசக்கணக்கா அதுலயே பாத்துப் பாத்து, மாறியிருக்குங்கிறதே எனக்கு இப்ப ஞாபகத்துல வர்றதில்ல." சொல்லிவிட்டு மூடியைச் சாத்தினார்.

பிறகு இரண்டாவது உலகச் சண்டை வந்தது. சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று எங்கள் ரயில் பாதையையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். அவர் கரிப்பஸ்ஸில் வர ஆரம்பித்தார். அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். ஏற்றத்தில் சனம் இறங்கித் தள்ள வேண்டும். வெள்ளைச் சேலை முழுக்கக் கரிப்பொட்டோடு வந்து பெஞ்சில் சாய்வார். கால் வீங்கியிருக்கும். வயசு ஒன்றும் அதிகமில்லை, ஆனால் உடம்பு அலுத்துவிட்டது. "எதுக்கும்மா இந்தப் பாடு, வீட்டுல கெடக்கலாம்ல" என்றால், "வீட்டுல செவுரு இருக்கு, சனம் இல்ல" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் பேர் கொடுத்தார்.

அவரைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. மலைத் தோட்டத்திலிருந்து காய்மூட்டை இறக்குகிற வேலை அவருக்கு. மலையிலேயே கிடப்பார். சந்தைக்கு இறங்கினால் ஒரு பொழுது வீட்டில் இருப்பார். சின்ன வீடு, நடுவில் அத்தை படுத்திருப்பார். மருமகள் புருசனை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் அப்போது இல்லை. பார்க்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன், துண்டு துண்டாக. காது, பிடரி, மூட்டை தூக்கிக் காய்த்த தோள், சோற்றைப் பிசைகிற விரல். இவற்றைச் சேர்த்து முழு முகமாக நான் பார்த்ததில்லை. ஆத்தாளை உரித்து வைத்த சாடை என்று ஊரார் சொல்வார்கள். அத்தையின் முகத்தையும் நான் எங்கே பார்த்தேன். மருமகள் முன்னால் சிரித்தால் பிடி தளர்ந்துவிடும் என்று நினைத்த மனுசி. அவர் சிரித்து நான் கண்டதே இல்லை.

பட்டாளத்துக்குப் போகிறவர்கள் தேனியில் படம் பிடித்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அத்தை விடவில்லை. "படம் பிடிச்சா ஆயுசு கொறையும். எம்புள்ள திரும்பி வாரவன்" என்று சொல்லிவிட்டார்.

போகிற அன்றைக்குச் சந்தை. என் வீட்டுக்காரர் தோளில் துணிமூட்டையோடு கூடத்து வாசலுக்கு வந்தார். மூட்டையை வாங்கி வைக்க வேண்டியது என் வேலை, வாங்கி வைத்தேன். பின்னால் வரிசை நின்றது. "வாரேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். பிறகு உள்ளே போய்க் கடல் படத்துக்கு முன்னால் நின்றார். கடல் தாண்டிப் போகிறவர் அல்லவா. நான் முதுகைத்தான் பார்த்தேன். எதிரில் பெஞ்சில் அந்த அம்மா குனிந்து உட்கார்ந்திருந்தார். டிக்கென்றது. காரியஸ்தர் மூட்டையை எடுத்துக்கொண்டு போய் வெளியேறுகிற வாசலில் கொடுத்தார். என் வாசல் வழியாக யாரும் திரும்ப வருவதில்லை.

சண்டை முடிந்து, மலாய்ப் பக்கம் போனவர்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். இவர் வரவில்லை. செய்தியும் இல்லை. அத்தை, வந்தவர் வீடெல்லாம் ஏறி இறங்கினார். எங்கள் பக்கம் குலசாமி பேரைத்தான் வைப்பார்கள். அந்தப் பேரில் பட்டாளத்தில் எத்தனையோ பேர். "பேரச் சொன்னா என்னத்தக் கண்டோம் ஆத்தா, படம் இருந்தாக் குடுங்க, நாலு பேருகிட்டக் காட்டி விசாரிக்கிறோம்" என்றார்கள். எல்லோரும் இதையேதான் சொன்னார்கள்.

அத்தை வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தார். "ஏத்தா. அன்னிக்கு அந்த வயித்துவலிக்காரி அவன எடுத்தாள்ல?"

"எடுத்தாக."

"அத வாங்கு."

நான் யாரிடமும் எதையும் கேட்டு நின்றவள் இல்லை. அந்த ஒரு தடவை கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல், "நான் யாருக்கும் காட்டுறதில்லன்னு ஒனக்குத் தெரியுமே" என்றார். இரண்டாம் தடவை கேட்க என் வாய் வரவில்லை.

அடுத்த சந்தைக்கு அத்தையே வந்தார். காய் ஆய்கிற கையோடு, முறத்தை வைத்துவிட்டு நேராகக் கூடத்துக்குள் போனார். நானும் வாசலை விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அத்தை பெஞ்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். யார் முன்னாலும் அப்படி உட்காருகிறவர் இல்லை.

"தாயி, எம்புள்ளையத் தேடணும். அவன் மூஞ்சி ஒங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு."

அந்த அம்மா பெட்டியைத் திருப்பி, முதுகுப் பக்கத்துக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு செத்த பூச்சி கிடந்தது.

"சண்டை வந்ததுலருந்து பிலிம் கெடைக்கல. இருந்ததும் தீந்து போச்சு. ஒங்க பையன் நின்ன அன்னிக்கும் இது வெறும் பெட்டிதான்."

இத்தனை வருசம் கரிப்பஸ்ஸில் வந்து, வீங்கின காலோடு உட்கார்ந்து, வெறும் பெட்டியை டிக் டிக்கென்று அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

"அப்ப எதுக்குத்தான் வந்தீக?" என்றார் அத்தை.

"பழகிப் போச்சு. பாக்காம இருக்க முடியல." பெட்டிக் கதவைச் சாத்தினார். "ஆனா நான் பாத்தேன் ஆத்தா. ஒங்க பையன நல்லாப் பாத்தேன். மொதல்ல உர்ருன்னுதான் நின்னாரு. அப்புறம் அந்தக் கப்பலக் கண்டாரு. கண்டதும் வாய் தெறந்துச்சு, சின்னப் பிள்ள மாதிரி. அப்புறம் தனக்குத்தானே சிரிச்சாரு. சிரிக்கையில எடது கன்னத்துல ஒரு குழி விழுந்துச்சு. ஒரு பக்கம் மட்டும்."

அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

அத்தை எழுந்துவிட்டார். "எடது கன்னமா?"

"எடதுதான்."

"எம்புள்ளைக்கு வலது கன்னம். பால் குடுத்தவளுக்குத் தெரியாதா? நீங்க எவனையோ பாத்துட்டு எம்புள்ளைன்னு கத கட்டுறீக. படந்தான் இல்ல, போகட்டும். பொய்யி எதுக்கு?"

அந்த அம்மாவின் முகம் அப்போது போன போக்கை நான் மறக்க மாட்டேன். யார் என்ன சொன்னாலும் குடையை எடுத்துக்கொண்டு எழுகிறவர், அசையாமல் உட்கார்ந்திருந்தார். "எடதுதான பாத்தேன்" என்று வாய்க்குள் சொன்னார். பிறகு, "அப்ப நான் ஒண்ணையும் பாக்கலையா" என்றார். எங்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

மகன் முகம் தெரிந்த அத்தைக்குப் பெட்டியைத் தெரியாது. பெட்டியைத் தெரிந்த எனக்கு அவர் முகம் தெரியாது. நான் அந்த அம்மா மடியிலிருந்து பெட்டியை எடுத்தேன். கேட்காமல்தான் எடுத்தேன். மூடியைத் திறந்து காட்டுமாட்டுப் பக்கம் திருப்பி, "அத்தே, இங்கன குனிஞ்சு பாருங்க. மொட்டைக் கொம்பு எங்கிட்டு இருக்கு?" என்றேன்.

அத்தை எரிச்சலோடு குனிந்தார். நிமிர்ந்து மாட்டைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"மாறி இருக்கு."

"அதுல எல்லாம் எடம் வலம் மாறித்தான் தெரியும். இவுக யாரையும் நேராப் பாக்க மாட்டாக, இதுலதான் பாப்பாக. எடதுன்னு சொன்னாகன்னா, நீங்க சொல்ற வலதுதான் அது. பாக்காம இருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது."

அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "அப்ப, சிரிச்சுட்டுத்தான் போனானா" என்றார்.

"சிரிச்சாரு ஆத்தா."

அத்தை என் பக்கம் திரும்பினார். என்னையும் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "நீ பாத்திருக்கியா புள்ள, அவன் சிரிச்சு?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அத்தை போய், மகன் நின்ற இடத்தில், கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில், கடலைப் பார்த்து நின்றார். "நீ அந்தப் பெஞ்சில உக்காரு. அந்தக் கண்ணாடியில என்னைப் பாரு. அவன் என் சாடைதான். எனக்கும் அந்தக் குழி உண்டு."

அந்த அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். நான் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக் குனிந்தேன். அத்தை முகம் கண்ணாடியில் வந்தது. சிரிக்கப் பார்த்தார். பல் தெரிந்ததே தவிரச் சிரிப்பு வரவில்லை. மறுபடி பார்த்தார். உதடு கோணியது. அழுகிற மாதிரி ஆகிவிட்டது. சிரித்தே எத்தனையோ காலம் ஆகிவிட்ட முகம்.

பக்கத்தில் அந்த அம்மா தணிந்த குரலில், "கேட்டா வராது" என்றார்.

நான் வாசலில் இல்லாததால் யாரோ ஒரு பெரியவர் கக்கத்தில் கோழியோடேயே உள்ளே வந்துவிட்டார். வந்து அத்தை பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தார். கோழியும் பார்த்தது. அவர் அத்தையிடம் கேட்டார்.

"ஏத்தா, இம்புட்டுத் தண்ணிக்கும் மடை பாக்க அந்த ரெண்டு பேருதானா?" கப்பலில் நிற்கிற ஆட்களைக் கையால் காட்டினார். "ராத்திரில எப்பிடி மடைய மாத்துவானுக?"

அத்தையுடையது கடைமடையில், தண்ணீர் கடைசியாக எட்டுகிற இடத்தில், காணி இருந்து காய்ந்து போன குடும்பம். அந்த நினைப்பு எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும். யோசிக்கவே இல்லை.

"எம்புட்டு இருந்து என்னய்யா, மேமடைக்காரன் விட்டாத்தான? இது வத்துற வரைக்கும் கடைமடைக்குச் சொட்டு வராது."

"அது நெசம், அது நெசம்" என்று பெரியவர் சொல்ல, கோழியும் கொக்கரித்தது. அத்தைக்குத் தன் பேச்சே சிரிப்பாகிவிட்டது. வாய் திறந்தது, கண் சுருங்கியது, கன்னத்தில் குழி விழுந்தது. கண்ணாடியில் அது இடது கன்னம்.

நான் முழு முகமாகப் பார்த்தேன்.

"அமுக்கு" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"உள்ள ஒண்ணும் இல்லையேம்மா."

"அமுக்குத்தா."

அமுக்கினேன். டிக்கென்றது. நிமிர்ந்தபோது அவர் அத்தையைப் பார்க்கவில்லை. பெட்டி இல்லாமல், வெறும் கண்ணால், நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் அதிகம் வரவில்லை. கால் முடியவில்லை என்றார்கள். எப்போது போய்ச் சேர்ந்தார் என்றுகூட எங்களுக்குச் செய்தி வரவில்லை. பிலிம் இருந்த காலத்தில் எடுத்த படங்கள் எங்கே போயின என்று தெரியாது. அத்தை மட்டும், பட்டாளத்திலிருந்து யார் திரும்பினாலும் வீடு தேடிப் போனார். "படம் இல்லய்யா. என்னையப் பாத்துக்கங்க, அவன் இதே சாடை. சிரிச்சா இங்கன குழி விழும்" என்று வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார். சாகிற வரைக்கும் காட்டினார். யாரும் கண்டதாகச் சொல்லவில்லை.

எனக்கு இப்போது அந்த அம்மாவைவிட, அத்தையைவிட வயசு கூடிவிட்டது. கண்ணை மூடினால் என் வீட்டுக்காரர் வருகிறார். கடலைப் பார்த்து நிற்கிறார், சிரிக்கிறார். குழி இடது கன்னத்தில்தான் விழுகிறது. வலது என்று எனக்குத் தெரியும். மாற்றிப் பார்க்க எத்தனையோ தடவை முயன்றேன். கேட்டால் வராது.